இரு கத்திகளும் ஒரு கையும்

'பேனாக்கத்தி' என்னும் சொல்லை வகுப்பறையில் சொன்னால், பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று மாணவர்கள் கேட்கின்றனர். பறவையின் இறகை நறுக்கிக் கூராக்கி, மையில் தோய்த்து எழுதிய காலம் ஐரோப்பாவில் இருந்தது. எழுதுவோர் ஒவ்வொருவரும் அதற்கென்று ஒரு சிறு கத்தியை உடன் வைத்திருந்தனர். 'பேனா' என்பதே இறகைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லின் வழி நமக்கு வந்ததாகும். இறகும் போயிற்று, அதனை நறுக்கும் வழக்கமும் போயிற்று, சொல் மட்டும் தமிழில் தங்கிவிட்டது.

நம் முன்னோரும் இத்தகைய கருவியை அறியாதவர் அல்லர். ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என ஒன்று வழங்கிற்று. அதன் ஒரு புறம் ஓலை வாரும் கத்தி, மறு புறம் எழுதும் ஆணி. இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். நாணற்குச்சியைச் சீவிக் 'கலம்' செய்து அறபு எழுதிய நம் ஆலிம்களுக்கும் கையில் கத்தியின்றி எழுத்து இல்லை. ஆதலின் மடக்குக்கத்தியைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதுவது துறை கடந்த செயல் ஆகாது என நம்புகிறேன்.

எங்கள் சொந்த ஊர் காரைக்கால். 1954 நவம்பர் முதல் நாள் வரை அது பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. 1962-இல் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு மக்களுக்கு அளிக்கப்பட்டது. என் பெரியவாப்பா அதனைத் தேர்ந்துகொண்டு பாரிசுக்குச் சென்றார். என் வாப்பா இந்தியராகவே இருந்து, தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றார். ஒரே வீட்டில் பிறந்த இருவர் இரண்டு நாட்டவர் ஆயினர்.

வாப்பா சிறுவராகப் பயின்ற காலத்தில், அவருடைய பிரெஞ்சு ஆசிரியர் பென்சில் சீவுவதற்கு ஒரு மடக்குக்கத்தி வைத்திருந்தாராம். கொம்புப் பிடி, பிடியின் முதுகில் ஓர் ஈயின் உருவம். 'ஈக் கத்தி' என்று மாணவர்கள் அதற்குப் பெயரிட்டிருந்தனர். "அதை ஒருநாள் தொட்டுப் பார்க்கக் கேட்டேன், கொடுக்கவில்லை" என்று வாப்பா சொல்வார். வேறு எதற்கும் ஆசைப்பட்டதாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் நாற்பது ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தது பெயர் தெரியாத ஒரு பேனாக்கத்தி. பாக்கு நறுக்குவதும் பழம் சீவுவதும் மாணவர்களின் பென்சிலைக் கூராக்குவதும் அதனால்தான்.

2023 மே மாத விடுமுறையில் பெரியவாப்பாவின் மகனாகிய நானா என்னைப் பிரான்சுக்கு அழைத்திருந்தார். அந்த ஈக் கத்தியை வாப்பாவுக்கு வாங்கிச் செல்வதென்று முடிவு செய்தேன். அதற்கு 'லாயோல்' என்று பெயர் என நானா சொன்னார். பிரான்சின் தெற்குப் பகுதியில், ஓபிராக் என்னும் மேட்டுநிலத்தில், ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூரின் பெயர் அது. பிரெஞ்சில் அப்பெயரை எழுதும்போது 'ஜி' என்னும் எழுத்து உண்டு. ஊர்மக்களின் நாவில் அது இல்லை. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபடுவது நமக்குப் புதிதன்று.

அக்கத்தி அவ்வூரில் மட்டும் செய்யப்படுவதாக நான் எண்ணியிருந்தேன். அஃது உண்மையன்று. வடக்கே தியேர் என்னும் மலைநகரம் உள்ளது. பிரான்சின் கத்தித் தொழிலுக்குத் தலைநகர் என்று பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்ற இடம். முதலில் அங்குச் சென்றோம். துரோல் என்னும் சிற்றாற்றின் விசையால் அங்குச் சாணைக்கற்கள் சுழன்றன. சாணை பிடிப்போர் கல்லுக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்தபடி நாள் முழுவதும் அலகைத் தீட்டினர். குளிர் தாங்காமல், கால்களின்மேல் நாயைப் படுக்க வைத்துக்கொண்டனர். அக்காட்சியைக் காட்டும் பழைய படங்களைக் கண்டபோது, கூர்மை என்பது எவ்வளவு உடல்நோவில் பிறக்கிறது என்பதை உணர்ந்தேன்.

மறுநாள் லாயோல் சென்றோம். கோதுமை நிறமும் மை தீட்டியது போன்ற கண்களும் கருமுனைக் கொம்புகளும் கொண்ட ஓபிராக் மாடுகள் மேய்ச்சலில் இருந்தன. 1829 அளவில் பியேர்-ழான் கல்மெல் என்னும் கொல்லர் இக்கத்தியின் முதல் வடிவத்தை அவ்வூரில் உருவாக்கினார். 1840-இல் அதனுடன் குத்தூசி சேர்ந்தது. தோலில் துளையிடவும், வயிறு ஊதிய மாட்டின் காற்றை வெளியேற்றவும் மேய்ப்பர்கள் அதனைப் பயன்படுத்தினர். 1880-இல் போத்தலின் தக்கையைத் திருகி எடுக்கும் கருவியும் சேர்ந்தது. அக்கருவி உள்ள கத்திகளை நானா பார்வையிலேயே ஒதுக்கிவிட்டார்! பிடியில் உள்ள ஈ, உண்மையில் தேனீ. நெப்போலியன் அவ்வூரார்க்கு அளித்த சிறப்பு அது என்பர். நெப்போலியன் 1821-இல் இறந்தவர். கத்தியோ அதற்குப் பின் பிறந்தது. கதைகள் ஆண்டுக்கணக்குப் பார்ப்பதில்லை.

இன்னொரு செய்தி என் மனத்தைத் தைத்தது. முதல் உலகப் போருக்குப் பின் லாயோலில் தொழில் நலிந்து, அதன் பெயர் தாங்கிய கத்திகளைத் தியேர் நகரமே செய்துவந்தது. 1987-இல்தான் தொழில் மீண்டும் ஊர் திரும்பியது. 1993-இல் பாரிசுப் புறநகர் வணிகர் ஒருவர் 'லாயோல்' என்னும் பெயரையே தம் வணிகப் பெயராகப் பதிவு செய்துகொண்டார். ஊர் தன் பெயரைத் தானே பயன்படுத்த முடியாமல் நீதிமன்றம் ஏறியது. 2012-இல் வழக்கில் தோற்றபோது, ஊர்மக்கள் தங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையைத் தாங்களே கழற்றினர். நம் பத்தமடைப் பாய்க்கு உள்ளது போன்ற புவிசார் குறியீட்டைக் கைவினைப் பொருள்களும் பெறுவதற்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டில் வழி திறந்தது. எனினும் கத்தி எவருடையது என்பதில் இரண்டு ஊர்களுக்கும் நெடுநாள் பிணக்கு உண்டு.

திரும்பும் வழியில் கிளெர்மோன்-ஃபெரான் நகரத்துக் கத்திக்கடை ஒன்றில் நுழைந்தோம். கடைக்கார மூதாட்டி பச்சைக் கம்பளித் துணியை விரித்து, இரண்டு கத்திகளை அருகருகே வைத்தார். ஒன்று லாயோலில் செய்தது. மற்றொன்று தியேரில் செய்தது. இரண்டும் 12 சென்டிமீட்டர்ப் பிடி, இரண்டும் மாட்டுக்கொம்பு, இரண்டிலும் தேனீ. விலையும் ஏறத்தாழ ஒன்றே. ஒவ்வொன்றும் என் ஒரு வாரச் சம்பளத்தை விழுங்கும்.

வேறுபாடுகளைத் தேடத் தொடங்கினேன். லாயோல் கத்தியின் தேனீ, முதுகில் ஓடும் எஃகு வில்லோடு ஒன்றாகவே அடித்து உருவாக்கப்பட்டது. தியேர் கத்தியில் அது தனியே செய்து ஒட்டப்பட்டது. ஒன்றின் அலகு டி12 என்னும் எஃகு. மற்றொன்றின் அலகு, ஏறத்தாழ 13.5 விழுக்காடு குரோமியம் கலந்த 12சி27 என்னும் ஸ்வீடன் எஃகு. இரண்டும் துருப்பிடியாதவை. பாடபேதம் ஆராயும் பழக்கம் எனக்கு உண்டு. இரண்டு ஏடுகளை எதிரெதிரே வைத்து எழுத்தெழுத்தாகப் பார்ப்பவனைப் போல ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்தேன்.

இன்னொரு வேறுபாடும் இருந்தது. லாயோல் கத்தியின் பிடியில், சிறு ஆணிகளைப் பதித்து ஒரு சிலுவை அமைத்திருந்தனர். மூதாட்டி சொன்னதை நானா எனக்கு மொழிபெயர்த்தார். கோடையில் மேய்ப்பர்கள் மாதக்கணக்கில் மலைமேல் தங்குவர். தேவாலயம் எட்டாத் தொலைவில் இருக்கும். ரொட்டியில் கத்தியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்தி, பிடியில் உள்ள அடையாளத்தின் முன் அவர்கள் வழிபட்டார்களாம். சைகோனுக்கு வணிகம் செய்யக் கப்பலேறிய என் பாட்டனார், நடுக்கடலில் திசையறிந்து தளத்திலேயே தொழுத செய்தி என் நினைவுக்கு வந்தது. மார்க்கம் வேறு, எனினும் தனிமையில் இறைவனை மறவாதிருக்கும் மனிதன் எங்கும் உளன்.

நானா மெல்லச் சொன்னார்: "தம்பி, சாச்சா இதைப் பள்ளிவாசல் திண்ணையில் வைத்துத்தான் எடுப்பார். நாலு பேர் பார்ப்பார்கள். யோசித்துக்கொள்."

நான் தியேர் கத்தியை எடுத்துக்கொண்டேன். "இதன் எஃகுதான் நானா சிறந்தது" என்றேன். நானா சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. கத்தியைப் பொதிந்து தந்த மூதாட்டி, பெறுபவரிடம் ஒரு காசு வாங்கிக்கொள்ளச் சொன்னார். கத்தியை விலையின்றிக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பது அந்நாட்டு வழக்கம்.

ஊர் வந்து வாப்பாவிடம் பெட்டியைக் கொடுத்தேன். அவருக்கு அப்போது 83 வயது. திறந்ததும் தேனீயைத்தான் முதலில் தடவினார். கொம்பை முகர்ந்து பார்த்தார். எழுபது ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட ஒன்று கைக்கு வந்த மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. பின்னர், அலகில் நகம் வைக்கும் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து இழுத்தார். அலகு அசையவில்லை. மீண்டும் முயன்றார், மூன்றாம் முறையும் முயன்றார். புதிய வில்லின் விறைப்புக்கு அவருடைய மெலிந்த நகம் ஈடுகொடுக்கவில்லை.

நான் திறந்து கொடுத்தேன். ஒரு கொய்யாப்பழத்தை நான்காக நறுக்கினார். மூடும்போது அது நிகழ்ந்தது. இவ்வகைக் கத்திகளில் அலகைப் பிடித்து நிறுத்தும் பூட்டு கிடையாது. பாதிவரை தயங்கி வரும் அலகு, அதன்பின் வில்லின் விசையால் விரைந்து விழும். வாப்பாவின் நடுங்கும் விரல் அதற்குள் விலகவில்லை. சுட்டுவிரல் நுனியில் குருதி துளிர்த்தது.

சிறு காயந்தான். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வாப்பாவின் கை நடுங்குவது எனக்குத் தெரியாததா? அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுபவனே நான்தானே! எஃகை ஒப்பிட்டேன், கொம்பை ஒப்பிட்டேன், தேனீயை ஒப்பிட்டேன். எந்தக் கைக்காக வாங்குகிறேனோ அந்தக் கையை அந்த ஒரு மணி நேரத்தில் ஒருமுறையும் நினைக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் தேய்ந்து வில் தளர்ந்த அந்தப் பெயரில்லாப் பேனாக்கத்தி அவர் கையை அறிந்திருந்தது. ஏட்டின் பழமையை மட்டும் பார்த்துப் பாடம் கொள்ளாதீர்கள், அந்த இடத்தின் பொருளுக்கு இயைகிறதா என்று பாருங்கள் என ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்பவன் நான். சொன்ன பாடத்தை நானே கற்கவில்லை.

மறுநாள் மாலை, சிலுவை பதித்த மற்றொரு கத்தியைப் பற்றியும் மேய்ப்பர்களைப் பற்றியும் வாப்பாவிடம் சொன்னேன். எஃகின் சிறப்புக் கருதியே இதை வாங்கியதாகவும் சொன்னேன். வாப்பா சற்று நேரம் பேசாதிருந்தார்.

"அந்த அடையாளம் நம் வீட்டுக்கு வேண்டாம் என்று விட்டாய், அதில் தவறில்லை. ஆனால் அந்த எஃகின்மேல் ஏன் பழி போடுகிறாய்?" என்றார்.

எனக்கு மறுமொழி இல்லை. திண்ணையில் இருக்கும் நாலு பேருக்கு அஞ்சியதை நான் எஃகின் பெயரால் மறைத்திருந்தேன். நானாவின் சிரிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

மாணவச் செல்வங்களே, தரத்தில் ஒத்த இரண்டுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை உங்களுக்கும் வரும். கல்லூரியாயினும் பணியாயினும் வாழ்க்கைத் துணையாயினும், நுண்ணிய வேறுபாடுகளை எண்ணி எண்ணி மயங்குவீர்கள். அப்போது இரண்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எவருடைய கைக்கு? நான் சொல்லும் காரணம் உண்மைக் காரணந்தானா?

அந்தக் காசைப் பற்றிச் சொல்ல மறந்தேன். பெட்டியைப் பெற்ற அன்றே, கடைக்கார மூதாட்டியின் வழக்கத்தைக் கேட்ட வாப்பா, "சகுனத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை; ஆனாலும் நீ தூக்கிவந்த கூலி" என்று ஒரு ரூபாய் தந்திருந்தார். காயம் ஆறிய பின் ஒருநாள் கத்தியை என்னிடம் நீட்டினார். "இது உன் கைக்குத்தான் சரி. மாலையில் எனக்குப் பழம் நறுக்கிக் கொடு, அது போதும்" என்றார். பிறகு கையை விரித்து, "என் ரூபாயைக் கொடு" என்றார்.

கொடுத்தேன். இன்றும் மாலைதோறும் கொய்யாவோ மாம்பழமோ அந்தக் கத்தியால்தான் நறுக்கப்படுகிறது. நான் மூடும் வரை வாப்பா என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்.