கரிஞ்ச வாடை

போன கிழமை தரம் 11 மாணவன் ஒருவனின் புத்தகப் பையில் வேப் ஒன்று அகப்பட்டது. தடித்த பேனையைப் போல இருந்தது. நாங்கள் மூன்று ஆசிரியர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எங்கே திறப்பது என்றுகூட விளங்கவில்லை. கடைசியில் அவனையே கூப்பிட்டோம்.

பயந்துகொண்டுதான் வந்தான். கழற்றச் சொன்னதும் பயம் போய்விட்டது. கீழே பற்றரி, மேலே திரவம் நிற்கும் குட்டித் தாங்கி, நடுவில் ஆட்டமைசர். அதற்குள் மெல்லிய கம்பிச் சுருளும் பஞ்சும். எங்கள் வீடுகளில் முன்பிருந்த குப்பி விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வற்றினால் திரியே கரியும் அல்லவா? இதுவும் அதே கணக்குத்தான். பஞ்சிலுள்ள திரவம் ஆவியாகும்போது சுருளின் சூட்டையும் கொண்டு போய்விடுகிறது. அடுத்தடுத்து இழுத்தால் பஞ்சு மறுபடி ஊற நேரமில்லை. சூடு ஏறிப் பஞ்சு கரிகிறது.

"புதுக் கொயில் போட்டா பத்து நிமிசம் ஊற விடணும் சேர். வொட்டைக் குறைச்சு வைக்கணும். ஒருக்கா இழுத்தா கொஞ்சம் பொறுக்கணும். இனிப்புக் கூடின ஜூஸ் கம்பியில கறுப்பாப் படியும், கெதியாப் பழுதாகும்."

விஞ்ஞான ஆசிரியர் பலகையில் கணக்குப் போட்டார். 3.7 வோல்ற்று, 1.2 ஓம், வலு 11 வொற்றுக்குச் சற்றுக் கூட. "தடையைப் பாதியாக்கினால்?" என்றார். "இரட்டிக்கும் சேர்" என்றான். மின் அலகு படிப்பித்த நாட்களில் கடைசி வாங்கிலிருந்து ஒருநாளும் வாய் திறக்காத பிள்ளை இவன். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

"இவ்வளவு பக்குவமா எதுக்கு மகன் பாவிக்கிறீங்க?"

"கரிஞ்ச வாடை வராட்டி ஒன்டும் செய்யாது சேர்."

இந்தப் பதிவை எழுதுவதே இந்த ஒரு வசனத்துக்காகத்தான். சூடு மிஞ்சினால் அந்தத் திரவம் சிதைந்து போமல்டிகைட்டு போன்ற நச்சுகள் கூடும் என்பது உண்மை. சூட்டைக் குறைத்தால் அவை குறையும், சுருளும் பல நாள் உழைக்கும். ஆனால் நிக்கொட்டின் குறைந்த சூட்டிலும் ஆவியோடு வரத்தான் செய்யும். கரிஞ்ச வாடை வந்தால் இருமிக்கொண்டாவது கீழே வைப்பான். நன்றாகப் பராமரித்த சாமானில் அந்தத் தடையும் இல்லை. போதாக்குறைக்கு மாம்பழ வாசம், "ஜூஸ்" என்று பெயர் வேறு.

வாப்பாவை அழைத்தோம். மனுசன் அதைக் கையில் வாங்கி, டோர்ச் என்றுதான் நினைத்திருந்தேன் என்றார். உம்மாவின் போன் சார்ஜரில்தான் தினமும் ஏற்றியிருக்கிறான். யார் விற்றது என்று கேட்டோம், தலையைக் குனிந்துகொண்டான்.

மூன்றாம் பாடவேளைக்குப் பிறகு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, எல்லாரிலும் எரிச்சல் வருகிறது என்று பிறகு அவனே சொன்னான். அதனால் இடைவேளையில் அவனை ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டு, தரம் 9 பிள்ளைகளுக்கு மின்சுற்று இணைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறோம். நேற்று இரண்டு தடவை தண்ணீர் குடிக்க வெளியே போனான். இரண்டு தடவையும் திரும்பி வந்தான்.