திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு



மயிலாப்பூரில் நம்மிடம் சிறுவயதில் குர்ஆன் ஓதிய மாணவி ஒருத்திக்கு அண்மையில் இரண்டாவது குழந்தை பிறந்தது. பிரசவம் நடந்தது சேப்பாக்கத்துக் கோஷா ஆஸ்பத்திரியில். திரைமறைவில் வாழ்ந்த பெண்களும் தயக்கமின்றி மருத்துவம் பெற வேண்டும் என்று 1885-இல் டாக்டர் மேரி ஷார்லீப் தொடங்கிய மருத்துவமனை அது. கஸ்தூரிபா காந்தியின் பெயர் சூட்டப்பட்ட பின்னரும் மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

மூத்த குழந்தை பிறந்தபோது நமக்கே முதலில் செய்தி சொன்னவள், இம்முறை வாய் திறக்கவில்லை. அவளுடன் ஓதிய இன்னொரு மாணவியிடம் காரணம் கேட்டோம். அவள் தயங்கித் தயங்கிச் சொன்ன பதில் நம்மைத் தலைகுனியச் செய்தது.

மூத்த குழந்தையின் அகீகாவுக்கு நாம் ஒரு கிராம் மோதிரம் போட்டிருந்தோம். மறு ஆண்டு நம் மகளின் நிகாஹ்வுக்கு அவளும் அதே எடையில் ஒரு மோதிரம் கொண்டு வந்தாள். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டோம். அதற்காக அவள் தன் கம்மலை அடகு வைத்ததும், மீட்க வழியின்றி அது மூழ்கிப்போனதும் நமக்குத் தெரியாது. மொய் நோட்டில் எழுதவில்லை என்றாலும், நாம் கொடுத்தது அவள் மனத்தில் கடனாகவே பதிந்திருக்கிறது. அன்பளிப்பின் சிறப்பைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திய நாம், ஓர் ஏழைப் பெண்ணின் தோளில் சுமை ஏற்றியிருக்கிறோம்!

இம்முறை கடைக்குப் போய்த் தங்கம் வாங்கவில்லை. மறைந்த நம் உம்மாவின் வெள்ளைத் துப்பட்டி ஒன்று பெட்டியில் இருந்தது. பலமுறை துவைத்துப் பஞ்சாய் மென்மையாகியிருந்த பருத்தி. தி.நகர் ரங்கநாதன் தெருவில் வெளிர்மஞ்சள் காட்டன் துணி ஒரு மீட்டர் மட்டும் வாங்கினோம். புதுத்துணி சுருங்கும் என்பதால் முதலில் துவைத்துக் காயவைத்தோம். பிறகு இரண்டையும் 90 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரம் தைத்தோம். ஒரு கையளவு இடைவெளி விட்டு, அதன் வழியே துணியை வெளிப்புறமாகத் திருப்பி, அந்த வாயைக் கைத்தையலால் மூடினோம். கடைசியாகச் சுற்றிலும் ஒரு தையல். சென்னை வெக்கைக்கு இந்த இரண்டு அடுக்கே போதும். குழந்தை வாயில் வைக்கும் என்பதால் மணி, பொத்தான், சரிகை எதுவும் சேர்க்கவில்லை.

நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். நபியவர்களுக்கு வந்த பூவேலைக் கறுப்பு ஆடையொன்றைச் சிறுமி உம்மு காலிதைத் தூக்கி வரச்செய்து, தம் கையாலேயே அணிவித்து, அபிசீனிய மொழியில் அழகென்று பாராட்டிய நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. ஆட்டின் குளம்பே ஆனாலும் அண்டை வீட்டார் தருவதை அற்பமாக எண்ணக் கூடாது என்பதும் அவர்கள் கற்பித்ததே. இவற்றையெல்லாம் ஓதிக்கொடுத்தவர்கள் நாம். ஊசியைக் கையில் எடுத்த அன்றுதான் அவை நமக்கே உறைத்தன.

போர்வையைக் கொடுத்தபோது அவள் முகம் வாடியது. "உஸ்தாதா, இதுக்கு நான் என்ன செய்யப் போறேன்?" என்றாள். பழைய மோதிரக் கணக்கு அந்தக் கேள்வியில் இருந்தது. "உன் கம்மல் விஷயம் எங்களுக்குத் தெரியாது மா. மன்னிச்சுக்கோ. இதுக்கு துஆ மட்டும் போதும்" என்றோம்.

அவள் பதில் சொல்லவில்லை. போர்வையைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். "இது பெரியம்மாவோட துப்பட்டிதானே? வாசல்ல உக்காந்து எங்களுக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பாங்களே!" என்று கண்கலங்கினாள். அடுத்த நொடியே குழந்தையை அதில் பொதிந்து நம் மடியில் வைத்தாள். தூங்கும்போது முகத்தில் விழாதபடி பார்த்துக்கொள், தனியே படுக்கவைக்கையில் எடுத்துவிடு என்று மட்டும் சொல்லி வந்தோம்.

அன்புச் சகோதர சகோதரிகளே! பிள்ளை பார்க்கப் போகும்போது, நம் கையில் இருப்பது அந்த வீட்டாருக்கு மகிழ்ச்சியா, கடனா என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோம். வாங்குவோரின் கண்ணியம் குறையாமல் கொடுக்கும் நற்குணத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.