கதை எழுதப் புகுந்த குமாஸ்தா

கதை எழுதுவது என்பது நிறையப் படித்தவர்களுக்கும் ஓய்வு மிக்கவர்களுக்கும் உரிய காரியம் என்றே நம்மில் பலர் எண்ணி வருகிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எடையும் கட்டணமும் பதிந்து காலந்தள்ளும் ஒரு குமாஸ்தா, அதுவும் வங்க நாட்டுக் கரக்பூரில் இருந்துகொண்டு, தமிழில் சிறுகதை எழுத முற்பட்டால் நண்பர்கள் நகைப்பது இயல்பே. அவர்கள் நகைக்கட்டும். கடந்த ஓராண்டாக நாம் கற்று வருவனவற்றுள் சிலவற்றை இங்கே கூற விழைகிறோம். எழுதும் ஆசையை மனத்துக்குள் பூட்டி வைத்திருக்கும் அன்பர்கள் நம் சங்கத்தில் இன்னும் சிலர் இருத்தல் கூடும் அன்றோ?

நம்மை எழுதத் தூண்டியது ஓர் அம்மிக்கல். சென்ற தை மாதத்தில் ஒரு நாள், தமிழ் மூதாட்டி ஒருவர் தம் மகனுடன் பார்சல் அலுவலகத்திற்கு வந்தார். கணவரை இழந்தவர்; கரக்பூர் வாழ்வை முடித்துக்கொண்டு மகனோடு சென்னைக்குப் புறப்பட்டவர். சாமான்களுக்கு இடையே, சாக்கில் வைத்துத் தைத்த அம்மியும் குழவியும் இருந்தன. தராசில் வைத்தபோது 38 கிலோ காட்டிற்று.

“நம்ம வீடு மூணாவது மாடி, அம்மா. மிக்ஸி இருக்கு. இந்தக் காசுக்கு அங்கேயே புதுசா ஒண்ணு வாங்கிடலாம்” என்றார் மகன். மூதாட்டி மறுமொழி கூறவில்லை. தராசிலிருந்து இறக்கிய மூட்டையின் மேல் அமர்ந்துகொண்டார். சற்று நேரம் கழித்து நம்மை நோக்கி, “தம்பி, சீட்டிலே என்னன்னு எழுதுவே?” என்று வினவினார். கல் என்று எழுதுவோம் என்றோம். “கல்லுன்னு எழுதாதே, அப்பா. அம்மின்னு எழுது” என்றார்.

ரசீதில் ஆங்கிலத்தில் கல் என்றே பதிவாயிற்று. எண்ணிக்கை, எடை, கட்டணம், சேருமிடம் எல்லாம் அதில் உண்டு. ஒன்றும் பொய்யன்று. ஆயினும் அன்று அந்த அறையில் நடந்தது எதுவும் அதில் இல்லை.

அன்றிரவு நமக்குத் தந்தையாரின் பணிப் பதிவேடு நினைவுக்கு வந்தது. அவர் பணியில் இருக்கும்போதே மறைந்ததால் கருணை அடிப்படையில் நமக்குக் கிடைத்ததே இந்த வேலை. அச்சமயம் அப்பதிவேட்டைக் காணும் வாய்ப்பு நேர்ந்தது. சேர்ந்த நாள், ஊதிய உயர்வு, விடுப்புக் கணக்கு, மறைந்த நாள். இரவுப் பணி முடிந்து வரும்போது தெருமுனையிலேயே சீழ்க்கை அடித்து அம்மாவை எழுப்புவார் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. அம்மாவும் நாமும் போன பின் அதை அறிந்தவர் எவரும் இரார்.

சங்க நூலகத்திற்கு நாள்தோறும் வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். “தந்தையைப் பற்றிப் பிறகு எழுதலாம். முதலில் அயலார் ஒருவரை எழுதிப் பழகுங்கள். சொந்தத் துக்கம் தொடக்கக்காரனைக் கதை எழுத விடாது, புலம்பத்தான் விடும்” என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்த அம்மாளுக்கு என்ன வேண்டும்? அம்மி வேண்டும் என்றோம். அதைத் தடுப்பது எது? கட்டணம், மூன்றாவது மாடி, மகனுடைய நியாயமான பேச்சு. எவ்வளவு நேரத்திற்குள் முடிவாக வேண்டும்? கோரமண்டல் வண்டி வந்து நிற்பதற்குள். “கதை கையில் இருக்கிறது. எழுதுங்கள்” என்று கூறிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

அவ்வளவு எளிதாக முடியவில்லை. கதையை யார் கண் வழியே காண்பது என்ற வினா நம்மை ஒரு மாதம் அலைக்கழித்தது. தமிழின் முதற் சிறுகதை எனப் பலரும் போற்றும் வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915-இல் வெளிவந்தது. அதில் கதை சொல்வது அரச மரமே. மரம் பேசலாம் என்றால் அம்மி பேசக்கூடாதா என்று கூட எண்ணினோம். ஆசிரியர் சிரித்துவிட்டார். முடிவில் மகனுடைய கண்ணைத் தேர்ந்தோம். மூதாட்டியின் பக்கம் நின்றால் மகன் எளிதில் கல்நெஞ்சக்காரன் ஆகிவிடுவான். அவனோ மாதத் தவணையும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் சுமப்பவன். தாயைத் தன்னோடு அழைத்துச் செல்ல நெடுந்தொலைவு வந்தவன். அவன் நியாயமும் நமக்குப் புரிந்த பிறகே கதையில் உயிர் வந்தது. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. மகன் கண்ணைக் கொண்டால் அவன் காணாததை நாம் எழுதலாகாது. தாய் மனத்தில் நினைப்பதை அவள் கை செய்வதிலிருந்தே அவனும் வாசகரும் அறிய வேண்டும்.

விவரங்களைச் சேர்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கரக்பூர் நடைமேடையின் நீளம் 1,072 மீட்டர். ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்ற பெருமை அதற்கு இருந்தது. 2013-இல் கோரக்பூரும் 2023-இல் ஹூப்ளியும் அதை மிஞ்சிவிட்டன. ஊர்ப்பற்று மிகுந்த நமக்கு இதையெல்லாம் கதையில் சேர்க்க ஆசை. “அந்த அம்மாள் அதன் முழு நீளமும் நடக்க வேண்டியிருந்தால் சேருங்கள்” என்றார் ஆசிரியர். இப்போது அவர் நடக்கிறார். மகன் முன்னே போய்ப் போய் நின்று திரும்பிப் பார்க்கிறான். மீட்டர் கணக்கு கதையில் இல்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீட்டுத் தமிழில் வங்காளியும் இந்தியும் தெலுங்கும் கலந்து கிடக்கின்றன. “ஆலு வாங்கிட்டு ஜல்தி வா” என்பதுதான் நம் பிள்ளைகளின் தமிழ். இதை எழுதலாமா என்ற கூச்சம் இருந்தது. புதுமைப்பித்தன் தம் மாந்தரைத் திருநெல்வேலிப் பேச்சில் பேச விட்டார். எனவே கரக்பூர்த் தமிழர் கரக்பூர்த் தமிழில் பேசுவதே முறை எனத் தெளிந்தோம். வெளியூர் வாழ்வு கதைக்கு உதவாது என்பாருக்கு அசோகமித்திரனைக் காட்டலாம். செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகனாகப் பிறந்தவர் அவர். 1977-இல் வந்த அவரது ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலின் நாயகனும் அவ்வூர் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகனே.

கதையை வீட்டில் உரக்கப் படித்தோம். ஒன்பது வயது மகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. முதற் பக்கத்திலேயே, “அம்மின்னா என்னப்பா?” என்றாள். நம் வீட்டில் அம்மி இல்லை. அகராதி போல் மூன்று வரி விளக்கம் சேர்க்கப் பேனாவை எடுத்தோம். நமது தாயார் தடுத்தார். “அந்த அம்மா சாக்குக்குள்ள கையை விட்டு நடுக்குழியைத் தடவிப் பாக்கறதா எழுது. நாப்பது வருஷம் மிளகாய் அரைச்சா அங்கே குழி விழும்” என்றார். அவ்வாறே எழுதிப் படித்தபோது குழந்தை மறுமுறை கேட்கவில்லை. தன் உள்ளங்கையைக் குழித்துப் பார்த்துக்கொண்டாள்.

உண்மையில் அந்த அம்மி வண்டி ஏறிச் சென்றது. கட்டணத்தைச் செலுத்தியவர் மகனே. கதையிலும் அவ்வாறே முடித்திருக்கிறோம். நான்காம் படி எட்டுப் பக்கம் வந்திருக்கிறது. ஆசிரியர் படித்துவிட்டு இரண்டு பக்கம் குறைக்கச் சொன்னார். மகளின் குறையோ வேறு. மூன்றாவது மாடிக்கு அதை யார் தூக்கினார்கள் என்று நான்கு நாளாக நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். கதையை அந்தப் படிக்கட்டிலிருந்தே தொடங்கியிருக்கலாமோ என்ற ஐயம் நமக்கும் எழுந்துள்ளது. ஐந்தாம் படிக்குத் தாள் வாங்கியாயிற்று.