பெட்ரோல் இறங்கும் வழி

பழைய புல்லட் வழியில் நின்றுவிட்டால் முதல் பழி கார்புரேட்டர் மேல்தான் விழும். திருகிப் பார்க்க அதில் ஸ்க்ரூ இருக்கிறது, கழற்றிப் பார்க்கக் கிண்ணம் இருக்கிறது, கழற்றி மாட்டிய பிறகு ஏதோ வேலை பார்த்த திருப்தியும் கிடைக்கிறது. ஆனால் நான் கண்டவரை, பெட்ரோல் வராத கோளாறுகளில் பெரும்பங்கு அதற்கும் மேலே, டேங்கிலும் டேப்பிலும்தான் குடியிருக்கிறது.

நான் சொல்வது வார்ப்பிரும்பு என்ஜின் வைத்த புல்லட் 350. 1955 முதல் சென்னையை வீடாகக்கொண்ட வண்டி அது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், மொத்தம் 346 சி.சி. பிற்காலத்தில் அதில் வந்த மிக்கார்ப் கார்புரேட்டரும் ஜப்பானிய மிக்குனியின் தொழில்நுட்பத்தோடு சென்னைக் கம்பெனி ஒன்று செய்ததுதான். இதில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கி வரவேண்டும். தள்ளிவிட எதுவும் இல்லாததால் வழியில் ஒரு சின்னத் தடை இருந்தாலும் வண்டி நின்றுவிடும்.

சித்தப்பா ஓட்டிய புல்லட் என்னிடம் வந்தபோது அதற்கு ஒரு வியாதி இருந்தது. ஊருக்குள் ஒழுங்காக ஓடும். ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டைத் தாண்டினால் முக்கும், முனகும், நின்றுபோகும். ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நிழலில் நின்றால் ஒரே உதையில் கிளம்பும். ஒரு பட்டறையில் காயிலை மாற்றினார்கள். இன்னொரு பட்டறையில் புதுக் கார்புரேட்டரே போட்டார்கள். வியாதி அப்படியே இருந்தது. கடைசியில் புதுப்பேட்டையில், பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் புல்லட் மட்டுமே பார்க்கும் வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சந்தில் எல்லோருக்கும் அவர் பாய். அவர் ஸ்பானரைத் தொடவில்லை.

"தம்பி, டேங்குக்குப் பெயின்ட் எப்ப அடிச்ச?"

"குடுக்கறதுக்கு முன்னாடி சித்தப்பா அடிச்சுக் குடுத்தாரு பாய்."

"மூடிக்கும் சேர்த்தா?"

மறுநாள் விடியற்காலை என்னைப் பின்னால் உட்காரவைத்துத் தானே ஓட்டிப்போனார். வண்டி முக்கத் தொடங்கியதும் ஓரமாக நிறுத்தி, டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் எனக்கே கேட்டது. கிக்கரை உதைத்தார், வண்டி எழுந்துகொண்டது. மூடியில் காற்றுப் போக இருக்கும் ஊசித் துளையைப் பெயின்ட் அடைத்திருந்தது. பெட்ரோல் இறங்கிய இடத்துக்குக் காற்று வரவில்லை. உள்ளே வெற்றிடம் கூடக்கூட இறங்குவது குறைந்து, கடைசியில் நின்றுபோனது. ஊருக்குள் மெல்லக் குடிக்கும்போது மூடியின் ரப்பர் ஓரமாகக் கசிந்த காற்றே போதுமாக இருந்திருக்கிறது.

"கார்பரேட்டர் எங்கயும் ஓடிப் போவாது. மொதல்ல மேல இருந்து வா" என்றார் பாய். அன்று முதல் நான் பார்க்கும் முறை அதுதான். பெட்ரோல் எந்த வழியாக இறங்குகிறதோ அதே வழியாக நானும் இறங்குகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுகிறேன்.

வண்டி நின்ற உடனே பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. பலமுறை உதைத்தும் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, கரண்டைப் பார்க்க வேண்டும். இந்தப் பழைய பாயின்ட் செட் வண்டிகளில் கண்டன்சர் சூடானால் படுத்துக்கொள்ளும், ஆறினால் எழுந்துகொள்ளும். மூடித் துளை அடைத்ததற்கும் இதற்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே. அதனால்தான் அந்தப் பட்டறையில் காயிலை மாற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஸ்பார்க் பார்க்கிறவர்கள் பிளக் துளையிலிருந்தும் பெட்ரோல் ட்யூபிலிருந்தும் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ட்யூபைக் கழற்றிப் பாட்டிலில் பிடிப்பது. சூடான சைலன்சர் பக்கத்தில் இதைச் செய்யக் கூடாது, வண்டி ஆறியிருக்க வேண்டும். முதலில் நன்றாக வந்து போகப்போக இளைத்தால் மூடித் துளை. முதலிலிருந்தே நூலாக வந்தால் டேப், அல்லது டேங்குக்குள் அதன் தலையில் இருக்கும் வலை. டேப்பில் மெயினுக்கான குழாய் உயரமாக நிற்கும், ரிசர்வ் அடியிலிருந்து எடுக்கும். துருவும் தண்ணீரும் அடியில்தான் தங்கும். அதனால் மெயினில் நன்றாக ஓடிய வண்டி ரிசர்வுக்குத் திருப்பிய சிறிது தூரத்தில் இருமினால், டேங்கை இறக்கிக் கழுவும் நாள் வந்துவிட்டது.

நூலாக வந்தாலும் வண்டி ஓடுகிறதே என்று சிலர் விட்டுவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 35 கி.மீ. தரும் வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 30 மில்லிக்கும் சற்றுக் குறைவாகத்தான் குடிக்கிறது. பாதி அடைத்த டேப்புகூட அந்த அளவைக் கொடுத்துவிடும். ஏற்றத்தில், ஆள் ஏற்றிக்கொண்டு, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகும்போது தேவை பலமடங்கு கூடுகிறது. கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் தீரும்வரை வண்டி இழுக்கும், பிறகு விழும். கொஞ்ச தூரம் நன்றாக இழுத்துவிட்டுத் தளரும் வண்டிக்கு மேலிருந்து வரத்து போதவில்லை என்று பொருள். ட்யூபின் நடுவில் கார் ஃபில்டரைச் செருகியவர்களுக்கும் இதே கதி நேரும். பம்பின் அழுத்தத்துக்குச் செய்த அந்தத் தாள் வழியாகப் பெட்ரோல் தன் எடையால் மட்டும் இறங்கத் திணறும்.

இவ்வளவும் சரியென்றால் மட்டுமே கார்புரேட்டர். அங்கேயும் ஸ்க்ரூவைத் தொடும்முன் கோளாறு எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். ஆக்சிலேட்டர் பிடியில் காகித டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டு ஓட்டினால் வண்டியே சொல்லிவிடும். ஐடிலிங்கிலும் ஆரம்பத் திருகலிலும் மிஸ்ஸிங் என்றால் பைலட் ஜெட். காலிலிருந்து முக்கால்வரை என்றால் நீடில். முக்காலுக்கு மேல் என்றால் மெயின் ஜெட். ஓடும்போது சோக்கைச் சற்று இழுத்துவிட்டால் வண்டி தெளிகிறதா? அப்படியானால் பெட்ரோல் குறைகிறது, அல்லது கார்புரேட்டரும் என்ஜினும் சேரும் இடத்தில் காற்று இழுக்கிறது.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் முதலில் அடைவது பைலட் ஜெட்தான். கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின்போலக் காய்ந்து, அந்தத் துளையை மூடிவிடுகிறது. பாய் அந்த ஜெட்டைக் கழற்றிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து வெயிலுக்கு நேரே உயர்த்துவார். ஒரு கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே தெரியும் வெளிச்சப் புள்ளி முழு வட்டமாக இருக்க வேண்டும். பிறைபோலத் தெரிந்தால் கிளீனரைப் பீய்ச்சி, ஊதி, மறுபடி வெயிலுக்குக் காட்டுவார். கம்பியோ குண்டூசியோ விடவே மாட்டார். ஜெட் பித்தளை, இரும்பு பட்டால் துளை பெரிதாகிவிடும். அதன்பின் ஏர் ஸ்க்ரூவை எத்தனை திருகினாலும் ஐடிலிங் சீராக நிற்காது.

இப்போது வேலையைக் கூட்டியிருப்பது எத்தனால். 2023 பிப்ரவரி முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அதை முதலில் குடிப்பது ரிசர்வ் குழாய். பழைய டேப்பின் கார்க்கும் ரப்பரும் இதற்காகச் செய்தவை அல்ல. கடற்கரை ஊர்க்காரர்கள் மழைக்காலத்தில் அரை டேங்க் பெட்ரோலோடு வண்டியை மூடிவைப்பது எனக்குச் சம்மதமில்லை. சில வாரம் ஓட்டமாட்டீர்கள் என்றால் நிரப்பி வையுங்கள். மாதங்கள் ஆகுமென்றால் முழுக்க இறக்கிவிடுங்கள். இரண்டிலும், டேப்பை மூடி, கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை என்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. பாயின் மகனுக்கு ஸ்கேனர் வைத்துப் பார்க்கும் வேலை நன்றாகத் தெரியும். ஜெட்டை வெயிலுக்குப் பிடிக்கும் பொறுமையையும் அவன் அப்பாவிடம் கற்றுக்கொண்டான் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

பழைய புல்லட் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டறையில் புதுக் கார்புரேட்டர் போடச் சொன்னாலும், வண்டியோடு வந்த பழையதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் தேய்வது பெரும்பாலும் நீடிலும் நீடில் ஜெட்டும் ஸ்லைடும்தான், உடல் நீண்ட நாள் உழைக்கும். டூப்ளிகேட் ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணும் துளையும் பலநேரம் ஒத்துப்போவதில்லை. என் வண்டியில் இன்று ஓடுவது அன்று கழற்றிப்போட்ட பழைய மிக்கார்ப்தான்.