மங்கோலியாவில் ஹைபிரிட் கார்: மேய்ப்பர்கள் போடும் பெட்ரோல் கணக்கு

மங்கோலியாவின் தலைநகரம் உலான் பத்தூர். ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் நடுவே, கடலே இல்லாத நாட்டில், சுமார் 1,350 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கும். உலகத் தலைநகரங்களிலேயே குளிர் அதிகமான இடம் இது. அந்தக் குளிரிலும் நகரின் நடுவே ஓடும் அமைதிச் சாலையில் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஓரமாக நின்று சற்று நேரம் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று நிறம் மாறுகிறதே தவிர, வண்டி பெரும்பாலும் ஒன்றேதான். டொயோட்டா பிரியஸ்.

பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் கார் இது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஜப்பானியர்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கழித்த வண்டிகள் கப்பலேறி சீனாவின் தியான்ஜின் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் கோபி பாலைவனத்தைத் தாண்டி மங்கோலியாவுக்குள் நுழைகின்றன. மங்கோலியாவில் சாலையின் வலப்பக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும். ஜப்பானில் இடப்பக்கம். அதனால் ஸ்டியரிங் தவறான பக்கத்தில் இருக்கும். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால், எதிரே வண்டி வருகிறதா என்று பக்கத்தில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டும் அங்குள்ளவர்கள் இந்தக் காரை விடுவதில்லை. விலை குறைவு, ஹைபிரிட் வண்டிக்கு அரசு கொடுத்த வரிச் சலுகை ஆகியவை ஒருபுறம். பெட்ரோல் மிச்சம் இன்னொருபுறம்.

பெட்ரோலுக்கு மங்கோலியா கிட்டத்தட்ட முழுக்க முழுக்க வெளிநாட்டை நம்பியிருக்கிறது. பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வருகிறது. அந்த நாட்டு மண்ணில் கச்சா எண்ணெய் கிடைக்கிறது. ஆனால், சுத்திகரிக்க ஆலை இல்லாததால் அதைச் சீனாவுக்கு விற்றுவிட்டு, பெட்ரோலை விலைக்கு வாங்குகிறார்கள். இந்தியா கொடுத்த கடனுதவியில் தோர்னோகோவி மாகாணத்தில் முதல் சுத்திகரிப்பு ஆலைக்கு 2018-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. பருத்தியை விற்றுத் துணி வாங்கும் விவசாயிக்கு இந்த நிலைமை எளிதில் புரியும்.

மந்தை போனது, கார் வந்தது

மங்கோலியாவின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம். 2023-ம் ஆண்டுக் கணக்குப்படி கால்நடைகள் சுமார் 6.5 கோடி. செம்மறி, வெள்ளாடு, மாடு, குதிரை, ஒட்டகம் ஆகிய ஐந்தையும் சேர்த்து ‘ஐந்து மூஞ்சிக் கால்நடை’ என்று அவர்கள் மொழியில் சொல்வார்கள். யாக் எருதும் மாட்டுக் கணக்கில் சேரும். மேய்ப்பர் குடும்பங்கள் பருவத்துக்குப் பருவம் மேய்ச்சல் நிலம் மாறும். செம்மறி ரோமத்தில் செய்த கம்பளத்தைப் போர்த்திய ‘கெர்’ என்ற வட்டக் கூடாரத்தில் வசிக்கும். அடுப்புக்குக் காய்ந்த சாணம்தான் விறகு.

இந்த வாழ்க்கையை உடைப்பது ‘ட்சுட்’. கோடையில் மழை பொய்த்து, புல் வளராமல், அதன்பின் குளிர்காலத்தில் கடும் பனியோ பனிக்கட்டியோ மேய்ச்சல் நிலத்தை மூடிக்கொள்ளும் பேரிடர் இது. இருக்கும் கொஞ்சம் புல்லையும் ஆடுமாடுகளால் கிளறித் தின்ன முடியாது. 2023-24 குளிர்காலத்தில் மட்டும் 70 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் செத்தன. மந்தையை இழந்த குடும்பங்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு உலான் பத்தூருக்கு வந்து, நகரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் குடியேறுகின்றன. நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இப்போது இந்த ஒரே நகரத்தில் இருக்கிறார்கள்.

வந்தவர்களுக்கு என்ன வேலை? ஆடு மேய்த்தவருக்கு நகரத்தில் சட்டென்று கிடைக்கும் தொழில்களில் ஒன்று கார் ஓட்டுவது. உலான் பத்தூரில் சாலையோரம் கையை நீட்டினால் போதும், யாரோ ஒருவரின் சொந்தக் கார் வந்து நிற்கும். ஓட்டுநர் கிலோமீட்டர் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுக் கிளம்புவார். இறங்கும்போது ஓடிய தூரத்துக்குக் கணக்குப் பார்த்துப் பணம் வாங்கிக்கொள்வார். ஒரு கிலோமீட்டருக்கு என்ன கூலி என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதை அவர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. அவர் கையில் இருப்பது செலவைக் குறைக்கும் வழி மட்டும்தான்.

மிச்சம் எங்கே பிடிக்கிறது?

ஒரே நுகத்தில் இரண்டு மாடு பூட்டியதுபோல பிரியஸில் இரண்டு சக்திகள் இருக்கின்றன. புறப்படும்போதும் மெதுவாக ஊரும்போதும் மின் மோட்டார் இழுக்கும். வேகம் எடுத்ததும் எஞ்சின் சேர்ந்துகொள்ளும். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானே அணைந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது சாதாரண காரில் வேகம் முழுவதும் வெறும் சூடாகப் போய்விடும். பிரியஸில் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அந்த வேகத்தில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்த்துவிடும். இதனால் பிரேக் கட்டைகளும் நெடுநாள் உழைக்கும். கரண்டில் சொருகி சார்ஜ் போடும் வேலை கிடையாது. ஓடும்போதே பேட்டரி நிரம்பிக்கொள்ளும். மின்கம்பி எட்டாத கூடாரத்துக்காரர்களுக்கு இது பெரிய வசதி. அவர்கள் வைத்திருக்கும் சிறிய சூரியத் தகடு விளக்குக்கும் செல்போனுக்கும்தான் காணும்.

இந்த அமைப்பிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. நின்று நின்று போகும் சாலையில்தான் மிச்சம் அதிகம். அமெரிக்க அரசின் சோதனையில் 2010-ம் ஆண்டு மாடல் பிரியஸ் நகரத்துக்குள் லிட்டருக்குச் சுமார் 21.7 கிலோமீட்டரும், நெடுஞ்சாலையில் 20.4 கிலோமீட்டரும் கொடுத்தது. அதே டொயோட்டாவின் அதே 1.8 லிட்டர் அளவு எஞ்சின் கொண்ட சாதாரண கொரோலா, நகரத்தில் சுமார் 11, நெடுஞ்சாலையில் 14.5.

இதை 100 கிலோமீட்டருக்கு மாற்றிப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். நகரத்தில் பிரியஸ் குடிப்பது 4.6 லிட்டர், கொரோலா 9 லிட்டர். மிச்சம் 4.4 லிட்டர். நெடுஞ்சாலையில் 4.9-க்கு 6.9. மிச்சம் 2 லிட்டர்தான்.

உலான் பத்தூர் நெரிசலில் ஒருவர் நாளைக்கு 150 கிலோமீட்டர் வீதம் மாதம் 25 நாள் ஓட்டுவதாக வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 165 லிட்டர் மிச்சம். மந்தையோடு புல்வெளியிலேயே இருக்கும் ஒருவர் மாதம் இரண்டு முறை, போக வர 200 கிலோமீட்டர், பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய் வருகிறார் என்றால் அவருக்கு மிச்சம் 8 லிட்டர். கார் ஒன்றுதான், ஒருவருக்கு அது குடும்பத்தைத் தாங்குகிறது, மற்றவருக்கு ஒரு கேன் பெட்ரோலைக்கூட மிச்சப்படுத்துவதில்லை.

குளிரில் கிளப்புவது

பெட்ரோல் கணக்கையும் தாண்டி மங்கோலியர்கள் இந்தக் காரைக் கொண்டாடுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. மைனஸ் 30 டிகிரியில் எஞ்சின் ஆயில் கெட்டியாகிவிடும். 12 வோல்ட் பேட்டரிக்கு வலு குறையும். சாவியைத் திருகினால் முனகலோடு நின்றுவிடும். பழைய லாரிக்காரர்கள் அடியில் நெருப்புக் காட்டி ஆயிலைச் சூடாக்குவதுண்டு. பிரியஸில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை. பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் 200 வோல்ட் பேட்டரி, வண்டியை இழுக்கும் மின் அமைப்பின் மூலமே எஞ்சினைச் சுழற்றிவிடும். மற்ற கார்கள் முனகும் குளிர்காலைகளிலும் இது கிளம்பிவிடும் என்று பெயர் வாங்கியிருக்கிறது.

அதற்காகக் குளிர் இதை ஒன்றும் செய்யாது என்று நினைக்கக் கூடாது. காருக்குள் சூடு வர எஞ்சின் ஓடித்தான் ஆக வேண்டும். அதனால் சிக்னலில் அணைய வேண்டிய எஞ்சின் குளிர்காலத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கோடையில் கிடைத்த மைலேஜ் ஜனவரியில் கிடைக்காது. எஞ்சின் சீக்கிரம் ஆறாமலிருக்க அதன்மேல் கம்பளிப் போர்வை போட்டு மூடுகிறார்கள். அதே ரோமக் கம்பளம்தான், கூடாரத்துக்கும் காருக்கும். தவிர, சிறிய 12 வோல்ட் பேட்டரி ஒன்று இதிலும் உண்டு. அது செத்துவிட்டால் கம்ப்யூட்டர் விழிக்காது. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் நகராது.

மண் தடத்தில்

நகரத்தை விட்டு வெளியேறி தார்ச்சாலை முடிந்தால், புல்வெளியில் டயர்கள் போட்ட தடங்கள்தான் வழி. ஒரு தடம் சேறானால் பக்கத்தில் இன்னொரு தடம் விழும். ஒரே பள்ளத்தாக்கில் பத்துத் தடங்கள்கூட ஓடும். தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் இடையே பிரியஸில் இருப்பது சுமார் 14 சென்டிமீட்டர்தான். கல் தட்டும், ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் ஏறும். ஆகவே ரஷ்யாவின் பழைய ஜீப்பும் கொரியாவின் சிறிய சரக்கு வண்டியும் மோட்டார் சைக்கிளும் அங்கே இன்னமும் கோலோச்சுகின்றன. ஸ்பேனரும் கம்பியும் இருந்தால் வழியிலேயே பழுது பார்த்துவிடக் கூடிய வண்டிகள் அவை. பிரியஸ் நின்றால் கம்ப்யூட்டர் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். அவர் 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம்.

பல் பார்த்து வாங்குவது

உலான் பத்தூரின் பழைய கார் சந்தைக்குப் பெயர் ‘தா ஹூரே’. அங்கே பிரியஸ் வாங்கப் போகிறவர்கள் ‘20’, ‘30’ என்று எண்ணைச் சொல்லித்தான் கேட்பார்கள். இரண்டாம் தலைமுறை 20, மூன்றாம் தலைமுறை 30. மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பதுபோல இங்கே பார்க்க வேண்டியது பெரிய பேட்டரியைத்தான். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்பி வாங்கினால் கையைச் சுட்டுக்கொள்ள நேரிடும்.

இந்த நிக்கல் பேட்டரி 28 கட்டைகளை வரிசையாகக் கோத்தது. இரண்டிரண்டாக 14 ஜோடிகளின் வோல்ட்டைக் காரின் கம்ப்யூட்டர் கண்காணிக்கும். மெக்கானிக் கருவியைச் சொருகி, ஓட்டிப் பார்த்துக்கொண்டே 14 எண்களையும் கவனிப்பார். எல்லாம் ஒரே சீராக ஏறி இறங்கினால் நல்லது. ஒன்று மட்டும் தனியாக விழுந்தால் அந்தக் கட்டை தளர்ந்துவிட்டது. அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு கட்டை போட்டுக் கொடுப்பதும் உண்டு. செலவு குறைவுதான். ஆனால், மற்ற 27-ம் அதே வயதுடையவை. ஒன்றை மாற்றிய சில மாதங்களில் இன்னொன்று தலையைத் தொங்கப் போடலாம்.

பேட்டரி சீக்கிரம் கெடுவதற்கு வெப்பம் ஒரு முக்கியக் காரணம். பின்சீட்டின் பக்கவாட்டில் சிறிய காற்றுத் துவாரம் இருக்கும். அதன் வழியே மின்விசிறி காற்றை இழுத்துப் பேட்டரியைக் குளிர்விக்கும். புல்வெளிப் புழுதியும் ஆட்டு ரோமமும் அங்கே அடைத்துக்கொண்டால், குளிர் நாட்டிலும் கோடையில் பேட்டரி சூடேறும். மூட்டையை வைத்து அந்தத் துவாரத்தை மறைக்காமல் இருப்பதும், அவ்வப்போது புழுதியைச் சுத்தம் செய்வதும் காசு செலவில்லாத பராமரிப்பு. ஆரஞ்சு நிற ஒயர்களை மட்டும் சொந்தமாகத் தொடக் கூடாது. ஆளைக் கொல்லும் மின்சாரம் அதில் ஓடுகிறது.

வாங்குகிறவர் போட வேண்டிய கணக்கு நேரானது. பேட்டரி மாற்ற என்ன ஆகும் என்று முதலில் விசாரித்து, அந்தத் தொகைக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் வரும் என்று பார்க்க வேண்டும். 1,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், மாதம் 165 லிட்டர் மிச்சம் பிடிக்கும் நகரத்து ஓட்டுநருக்கு அது ஆறு ஏழு மாதத்தில் ஈடாகிவிடும். 8 லிட்டர் மிச்சம் பிடிக்கும் மேய்ப்பருக்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் பேட்டரிக்கு வயதாகிவிடும்.

நகரத்து ஓட்டுநரும் ஒன்றை மறக்கக் கூடாது. ஒவ்வொரு மாதமும் மிச்சமாகும் பணம் முழுவதும் லாபமில்லை. அதில் ஒரு பங்கு பேட்டரிக்கு உரியது. அதைத் தனியே எடுத்து வைக்காதவருக்கு, பேட்டரி படுக்கும் நாள் இன்னொரு ட்சுட்தான். மந்தையை இழந்து வந்த குடும்பம் இந்த முறை காரையும் இழந்து நிற்கும்.

ஜப்பானில் கழித்த கார் மங்கோலியாவில் தன் கடைசி ஆண்டுகளை ஓட்டி முடிக்கிறது. அதன்பின் அனுப்புவதற்கு வேறு நாடு கிடையாது. பேட்டரியில் நிக்கலும் அரிய உலோகங்களும் இருப்பதால் முறையாகப் பிரித்தெடுத்தால் விலை உண்டு. கொல்லையில் போட்டுவைத்தால் உள்ளே இருக்கும் காரம் கசிந்து மண்ணுக்குள் போகும். உலான் பத்தூருக்கு இப்போது இந்தப் பழைய பேட்டரிகளைச் சேகரித்துப் பிரிக்கும் வேலையும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் மிச்சம் பிடித்த கணக்கோடு இந்தச் செலவையும் சேர்த்துத்தான் அந்த நாடு இனி கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.