பழவேற்காடு: வீடு கிடைத்தது, கடல் தள்ளிப்போனது!

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 55 கி.மீ. கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய ஜெல்ட்ரியா கோட்டையின் மிச்சம், வாசலில் எலும்புக்கூடு சிற்பங்களோடு நிற்கும் டச்சுக் கல்லறை, குளிர்காலத்தில் வரும் பூநாரைகள்... இவற்றைப் பார்த்துவிட்டு, இறாலும் நண்டும் வாங்கிக்கொண்டு பலரும் திரும்பிவிடுகிறார்கள்.

பாலத்தைத் தாண்டி கடலோரக் குப்பங்கள் பக்கம் போனால், ஊரின் இன்னொரு கதை தெரியும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில் தமிழக அரசு கடலோர மக்களுக்கு வீட்டுத் திட்டம் அறிவித்தது. உலக வங்கிக் கடனும் தொண்டு நிறுவனங்களின் கையும் சேர்ந்தன. வீட்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை செலவு. கணவன், மனைவி இருவர் பெயரிலும் பத்திரம்.

கூடவே ஒரு நிபந்தனை. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் தள்ளிப்போய்ப் புது வீடு வாங்கினால், பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். போக மறுத்தால் அங்கேயே இருக்கலாம். ஆனால் வீட்டுக்கு அரசுப் பணம் கிடையாது.

உயிருக்குப் பாதுகாப்பு என்று பார்த்தால் நியாயம்தான். ஆனால் மீனவருக்கு வீடு என்பது தூங்கும் இடம் மட்டுமல்ல. வாசலில் நின்றே காற்றையும் அலையையும் பார்த்துத்தான் தொழிலுக்குப் போவதா என்று முடிவெடுப்பார். வலை காயப்போட மணல் வேண்டும்; படகின் மேல் ஒரு கண் வேண்டும். பாதுகாப்பா, பிழைப்பா? ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

வீடு எங்கிருந்தாலும் அடுப்பு எரிய ஏரி உயிரோடு இருக்க வேண்டும். இங்கே எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்கு 'பாடு' என்ற பழைய முறைவைப்பு உண்டு. கடலில் பிறக்கும் இறால் குஞ்சு ஏரிக்குள் வந்து வளர, முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். மணல் மூடினால் குஞ்சும் வராது, படகும் கடலுக்குப் போகாது. அந்த அடைப்பை நிரந்தரமாகத் தீர்க்க, கற்சுவர் கட்டி ஆழப்படுத்தும் திட்டத்துக்கு அரசு ஒதுக்கிய தொகை ரூ.26.85 கோடி.

அடுத்த முறை போகிறவர்கள் கோட்டையோடு நின்றுவிடாமல், முகத்துவாரம் வரை போய்ப் பாருங்கள். அந்த ஊர்களுக்கு வருமானம் வரும் வழி அதுதான்.