ஸ்கிப் பண்ணாத ஆல்பம் எது? மேன்ஷன் ரூமில் ஒரு பரோட்டா பந்தயம்!

திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூம் ஒன்றில் நான்கு நண்பர்கள். ஞாயிறு ராத்திரி. ஆளுக்கு ஒரு ஆல்பம். ஒரு டிராக்கைக்கூட 'ஸ்கிப்' பண்ணத் தோன்றக் கூடாது. தோற்றவர் செலவில் பரோட்டா.

முதல் ஆள் 'ரோஜா' என்றார். 1992-ல் வந்த ரஹ்மானின் முதல் படம், தேசிய விருது வேறு. ''விருதுக்கெல்லாம் மார்க் கிடையாது மச்சி!'' அடுத்தவர் ஹாரிஸின் 'மின்னலே'. (அந்த வயசில் காதலித்தவர்கள் நடுவராக இருக்கத் தகுதியில்லை.) மூன்றாமவர் 'தளபதி'. சண்டை சூடு பிடித்தது.

நான்காவது ஆள் அப்பாவின் காரியம் முடிந்து ஊரிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதிகம் பேசுவதில்லை. பையிலிருந்து ஒரு பழைய கேசட்டை எடுத்தார். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் பாக்குக்கும் ராஜா சமர்ப்பித்த இசை.

''பாட்டே இல்லையேடா இதுல?''

''ஞாயித்துக்கிழமை வண்டி துடைக்கும்போது அப்பா இதைத்தான் போடுவார்.''

கேசட் போட பிளேயர் இல்லை. போனில் தேடிப் போட்டார்கள். வயலின் ஆரம்பித்தது. கடைசி டிராக் வரை யாரும் போனைத் தொடவில்லை.

தோற்றது யார் என்று பேச்சே எழவில்லை. பரோட்டா பில்லை மற்ற மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவர் இரண்டு ஆம்லெட் கூடுதலாகச் சொன்னார்.